ஆசிரியர் கூடும் இடம்



ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரைக் கண்டு பேசுவது பெரிய காரியமன்று. ஊர்ப்புறத்திலே பாடசாலை விட்டதும் சைக்கிளில் ஏறினால், அடுத்த ஊர் வாத்தியாரின் வீட்டுத் திண்ணையை அரை மணி நேரத்தில் அடைந்துவிடலாம். கணக்குப் பாடத்திலே பிள்ளைகள் எந்த இடத்தில் இடறுகிறார்கள், பரிசோதகர் எப்போது வருகிறார், சம்பளம் எப்போது கைக்கு வரும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கலாம். ஆசிரியத் தொழிலிற் பாதி இத்தகைய பேச்சினாலேயே கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதை அத்தொழிலைச் செய்தோர் அறிவர்.

ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த மலைகளிலே நெடுங்காலம் இஃது எளிதாக இருக்கவில்லை. ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்கின் மறுபுறத்திலே அடுத்த தோட்டத்து லயங்களின் தகரக் கூரை வெயிலில் மின்னுவது தெரியும். கூப்பிட்டாற் கேட்கும் தூரம்போலத் தோன்றும். நடந்து போவதானால் தேயிலைச் சரிவில் இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடியும் ஏறிப் போகவேண்டும். அதற்கும் மேலாக, தோட்டம் என்பது தனியார் சொத்து. அதன் பாதைகள் துரையின் பாதைகள். வெளியார் எவரும் உள்ளே வருவதை நிர்வாகம் ஐயத்துடனேயே பார்த்தது.

ஆசிரியர்கள் கூடுவதற்கும், கூடி எதையேனும் கட்டியெழுப்புவதற்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மலைநாட்டுக் கல்வி வரலாற்றிலே மீண்டும் மீண்டும் எழுகின்றது. அண்மைக் காலத்தில் கணினியும் இணையமும் படைத்திருக்கும் 'மெய்நிகர் உலகம்' என்னும் புதிய வெளியிலும் அதே கேள்வி எழுந்திருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் பழைய கதை. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்தில், அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி என்பது நிர்வாகத்தின் நினைவிலே இல்லை. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, மலை முழுவதும் தேயிலை பரவிய பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தொழிலாளர் தாமாகவே நடத்திய இரவுப் பள்ளிகளும், மிஷனரிமார் தொட்ட இடங்களில் எழுந்த சிறு பள்ளிகளுமே இருந்தன. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமே தோட்டத்துப் பிள்ளையை முதன்முறையாகக் கணக்கில் எடுத்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்டத் துரையின் கடமை என்று அச்சட்டம் கூறியது.

அந்தச் சொற்களைச் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். கடமை துரைக்குரியது, அறையும் அவருக்குரியது. ஆசிரியரைத் தெரிந்தெடுப்பவரும் அவரே, சம்பளம் கொடுப்பவரும் அவரே. பெரும்பாலான தோட்டங்களில் ஆசிரியர் ஒருவரே இருந்தார். லயத்தில் ஒரு காம்பரா, பிரட்டுக்களத்துக் கொட்டகை, கோயில் மண்டபம் என எது காலியாக இருந்ததோ அது பள்ளிக்கூடமாயிற்று. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் ஓதினார்கள். பள்ளி நேரம் போக மிஞ்சிய பொழுதில் செக்ரோல் எழுதுவதற்கும் தோட்டக் கணக்குப் பார்ப்பதற்கும் வாத்தியார் உதவவேண்டிய தோட்டங்களும் இருந்தன. அவர் கற்பிப்பவரா, கணக்கப்பிள்ளைக்குக் கீழ்ப்பட்ட சிப்பந்தியா என்பது அவருக்கே சில வேளைகளில் விளங்கியிராது. கொழுந்து நிறைந்த காலத்தில் வகுப்பிலே பிள்ளைகள் குறைவர். ஏன் குறைந்தார்கள் என்று கேட்கும் துணிவு, துரையின் கையாற் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு எங்கிருந்து வரும்?

1920ஆம் ஆண்டில் மேலும் ஒரு கல்விச் சட்டம் வந்தது. பள்ளிகளின் தொகை கூடிற்று, அமைப்பு மாறவில்லை. 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் நாடெங்கும் இலவசக் கல்வி பிறந்தபோது, தோட்டப் பள்ளி தோட்டத்தின் வேலிக்குள்ளேயே நின்றது. மூன்று ஆண்டுகளில், 1948இன் குடியுரிமைச் சட்டம் அப்பள்ளியிற் படித்த பிள்ளைகளின் பெற்றோரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1960ஆம் ஆண்டில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் அவ்வணியிற் சேரவில்லை. ஆசிரியரின் தனிமை இவ்வாறு சட்டத்தாலேயே நீடிக்கப்பட்டது என்று நான் சொல்வது மிகையாகாது.

இந்த வேலிக்கு வெளியே ஒரு நிலம் இருந்தது. அஃது ஹட்டன் நகரம். நகரத்தின் தெரு எந்தத் துரைக்கும் சொந்தமன்று. கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளருக்கான தமது சங்கத்தை ஹட்டனிலேயே நிறுவினார் என்பது தற்செயலன்று. அவரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டுப் புத்தகங்களை அச்சிட்டு, பாடியே மக்களிடம் கருத்தைப் பரப்பினர். அதுவும் ஒருவகை வகுப்பறைதான். சுவர் இல்லாத வகுப்பறை.

அதே நகரத்திலே 1892ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிஷனாரால் தொடங்கப்பெற்ற ஹைலண்ட்ஸ் கல்லூரி, பின்னாளில் அரசினர் பாடசாலையாகி, தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு அப்பாற் காலெடுத்து வைக்கும் வாசலாக அமைந்தது. அங்கே ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் அவர்களை மலையகம் மறக்காது. அவரும், எழுத்தாளராகிய ஆசிரியர் திருச்செந்தூரனும், அவர்களோடு நின்ற பிறரும் 1960களில் இளைஞர்களை ஒன்றுதிரட்டி, 'மலையகம்' என்னும் சொல்லுக்கே ஒரு தன்மான ஒலியைக் கொடுத்தார்கள். அவர்களிடம் படித்தவர்களிற் பலர் தாமும் ஆசிரியர்களாகி மலைகளுக்குத் திரும்பினர். தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவர் மற்றொருவரைக் காண இயலாதிருந்த நாட்டிலே, இருபது முப்பது ஆசிரியர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததன் பயன் அது.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அதன் பின், 1977ஆம் ஆண்டு முதற்கொண்டு தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. வாத்தியார் துரையின் ஊழியர் என்ற நிலை மாறி அரசாங்க ஆசிரியரானார். இதன் அருமையை, மாதக் கடைசியிலே பங்களா வாசலிற் சம்பளத்திற்காகக் காத்து நின்றவர்களே முழுதும் உணர்வர். 1980களின் நடுப்பகுதியில் சுவீடன் நாட்டு உதவியோடு தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டம் தொடங்கிற்று. கட்டடங்கள் எழுந்தன. சாதாரண தரப் பரீட்சையிலே தேறிய தோட்டத்து இளைஞர்களும் யுவதிகளும் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர்.

ஆனால் அவர்களுக்குப் பயிற்சி இல்லை. எல்லோரையும் கலாசாலைக்கு அனுப்பிவிட்டாற் பள்ளிகளைப் பூட்டவேண்டியதுதான். இந்த முட்டுச்சந்திலிருந்து பிறந்ததே தொலைக்கல்வி முறையிலான ஆசிரியப் பயிற்சி. மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் இதனை நாடளாவ நடத்தியது. பாட நூல்கள் சிறு சிறு தொகுதிகளாக அச்சிடப்பட்டு ஆசிரியர் கைக்கு வந்தன. பகலிற் கற்பித்துவிட்டு, இரவில் விளக்கொளியில் அவற்றைப் படித்து, ஒப்படை எழுதி அனுப்பவேண்டும். அது திருத்தப்பட்டு, ஓரத்திற் சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வரும். குறித்த நாட்களில் மட்டும் அயலூர் நிலையமொன்றிலே நேரிற் கூடுவார்கள்.

இதனைச் சிலர் மாற்றுக் குறைந்த பயிற்சி என்று ஏளனம் செய்தது உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பொகவந்தலாவையில் ஒருவர், இராகலையில் ஒருவர், மஸ்கெலியாவில் ஒருவர் என ஒருவரையொருவர் அறியாத ஆசிரியர்கள், ஒரே வாரத்தில் ஒரே பாடத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான்கு சுவர் இல்லை, கூரை இல்லை. எனினும் அங்கே ஒரு கலாசாலை இருந்தது. மெய்நிகர் என்ற சொல் நம்மிடையே வழங்குமுன்னரே, தபாற்காரரின் பையிலே மலையகத்தின் முதல் மெய்நிகர்க் கல்லூரி ஊர் ஊராகச் சென்றது எனலாம்.

கல்லாற் கட்டிய கல்லூரிகளும் வந்தன. கொட்டகலையிலே அரசினர் ஆசிரியர் கலாசாலையும், அதற்கு அண்மையிற் பத்தனையிலே, 1990களின் தொடக்கத்தில் ஜெர்மானிய உதவியோடு எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் மலையக ஆசிரியர்கள் இரவும் பகலும் கூடி வாழ்ந்து கற்கும் இடங்களாயின. ஆயினும் நிலத்தின் கேள்வி ஓயவில்லை. பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏக்கர் தோட்டக் காணி என்பது திட்டம். விளையாட்டு மைதானமும் ஆசிரியர் விடுதியும் அமைவதற்கு அந்த இரண்டு ஏக்கர் இன்றியமையாதது. 1992ஆம் ஆண்டில் தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. பள்ளி அரசாங்கத்தினது, அதைச் சூழ்ந்த தேயிலை கம்பனியினது. ஒரு புதிய வகுப்பறைக்கு அத்திவாரம் வெட்டுவதற்கும் அயலவரின் முகத்தைப் பார்க்கவேண்டிய நிலை அதிபர்களுக்குத் தொடர்ந்தது.

இனி, நிலமே வேண்டாத உலகத்தைப் பற்றிச் சொல்கிறேன். வானொலி நேயர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து வானொலி ஒலிக்கத் தொடங்கிய நாள் முதல், கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்டபத்திலே நாம் கூடி வருகிறோம். இதோ நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் மறுமொழி சொன்னால் அது என் செவிக்கு எட்டாது. உங்களுக்கு அருகில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது. வானொலி மண்டபத்திற்கு மேடை மட்டுமே உண்டு. கேட்போர் எழுந்து நடப்பதற்கும், ஒருவரோடொருவர் பேசுவதற்கும், ஆளுக்கொரு கல் எடுத்து வைப்பதற்கும் அங்கே வழியில்லை.

அந்த வழியைக் கணினி திறந்தது. 2003ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் என்னும் கம்பனி 'செக்கண்ட் லைஃப்' என்ற பெயரில் ஓர் உலகத்தைத் திறந்துவைத்தது. அதற்குள் நுழைபவர் கணினித் திரையில் தமக்கென ஓர் உருவம் எடுத்துக்கொள்வார். அவ்வுருவம் நடக்கும், பறக்கும், எதிர்ப்படும் உருவங்களோடு பேசும். அங்குள்ள வீடுகளையும் பாலங்களையும் மரங்களையும் கம்பனி படைத்துத் தரவில்லை. சிறு கட்டைகளை அடுக்குவதுபோல, உள்ளே வந்தவர்களே அவற்றை உருவாக்கினார்கள்.

இவ்வுலகத்தை விரைவிற் கண்டுகொண்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தனர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களும் ஆசிரியர் அமைப்புகளும் அங்கே தீவுகளை வாடகைக்கு எடுத்தன. ஒரு நாட்டில் நள்ளிரவிலும் இன்னொரு நாட்டில் காலை வேளையிலும் கணினியின் முன் அமர்ந்த ஆசிரியர்கள், அத்தீவிலே ஒரே தீக்கூட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து உரையாடினார்கள். ஒருவர் கட்டிய நூலகத்திற்கு மற்றொருவர் படிக்கட்டு வைத்தார். பழங்கால நகரங்களை மீளக் கட்டி, மாணவரை அதன் தெருக்களிலே நடக்கவிட்டனர். சம்பளமின்றி, தம் ஓய்வு நேரத்தில் இதைச் செய்தவர்கள் பலர். ஆசிரியர் ஒருவருக்கு வேண்டிய பேச்சுத்துணை கடல் கடந்தும் கிடைத்தது.

2010ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே அந்தக் கம்பனி ஓர் அறிவித்தல் விடுத்தது. கல்வி நிறுவனங்களுக்கு இதுவரை வழங்கிய பாதி வாடகைச் சலுகை அடுத்த ஆண்டு முதல் இல்லை என்பது அதன் சாரம். கட்டியவை ஆசிரியர்களுடையவை, நிலமோ கம்பனியுடையது. வாடகை இரட்டித்தபோது பலர் தீவுகளைக் கைவிட்டனர். பல ஆண்டு உழைப்பு ஒரு நாளில் திரையிலிருந்து மறைந்தது. 2013ஆம் ஆண்டிற் சலுகை மீண்டும் தரப்பட்டபோது, போனவர்களிற் பலர் திரும்பி வரவில்லை. சிலர், 2007ஆம் ஆண்டு முதல் உருவாகி வந்த 'ஓப்பன் சிமுலேட்டர்' என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, தம் சொந்தக் கணினிகளிலேயே சிறிய உலகங்களை அமைத்துக்கொண்டார்கள். அவை அழகிற் குறைந்தவை, வருவோரும் குறைவு. எனினும் அங்கே எவரும் வாடகை கேட்டு வரமாட்டார்.

தோட்டத்து அறையிலே கற்பித்த வாத்தியார் இக்கதையைக் கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன்.

தமிழர் இணையத்திற் கட்டியவற்றுள் இந்த இரண்டாவது வழியே பெரிதும் காணப்படுகிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத அன்பர்கள் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி, எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்தார்கள். 2001ஆம் ஆண்டிற் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அதனை வளர்த்தெடுத்தவர்களில் முன்னின்றவர் யாழ்ப்பாணத்தவராகிய மயூரநாதன். 2005ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பாதுகாக்கும் நூலகம் என்னும் முயற்சி தொடங்கிற்று. மலையகத்தவர் எழுதிய நூல்களும் சஞ்சிகைகளும் இன்று அங்கே கிடைக்கின்றன. ஒரு காலத்தில் ஹட்டன் கடைத்தெருவில் நூறு பிரதி விற்று மறைந்த ஏடு, இன்று உலகில் எங்கிருந்தும் திறந்து படிக்கத் தக்கதாகியிருக்கிறது.

இவ்வளவு வளர்ச்சிக்குப் பின்னரே மலையக ஆசிரியர்கள் முழுவதுமாக இந்த உலகத்துக்குள் வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிடத் தள்ளப்பட்டார்கள் என்பதே பொருந்தும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனா நோயின் காரணமாக நாட்டிலுள்ள பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. கல்வியமைச்சு இணையத்திற் பாடங்களை ஏற்றியது. தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பிலே வகுப்புக்கு ஒரு குழு அமைத்தார்கள்.

மலை அப்போது தன் பழைய குணத்தைக் காட்டியது. கைத்தொலைபேசியின் அலை நேர்வழியே செல்வது. இடையில் ஒரு குன்று நின்றால் அதன் மறைவிலுள்ள லயத்திற்கு அது போய்ச் சேராது. லயக் காம்பராவில் ஒரு தொலைபேசி இருந்தாலும் அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வகுப்பு, கருவி ஒன்று, அதற்கும் காசு போட்டு நிரப்பவேண்டும். அடுத்த மாகாணமாகிய ஊவாவிலே, பொஹிட்டியாவ என்னும் கிராமத்து ஆசிரியை ஒருவரும் பிள்ளைகளும் அலை கிடைக்கும் பாறையொன்றை நாடிக் காட்டு வழியே ஏறிச் சென்ற செய்தி, 2021ஆம் ஆண்டில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நுவரெலியா மாவட்டத்து மேடுகளிலும் அத்தகைய காட்சிகள் அரியன அல்ல. பயிற்சித் தாள்களைப் பிரதி எடுத்து லயம் லயமாகக் கொண்டுசென்று கொடுத்த ஆசிரியர்களும் இருந்தார்கள். மெய்நிகர் வகுப்புக்கு வரமுடியாத பிள்ளைகளைத் தேடி மெய்யான கால்கள் நடந்தன.

இதற்கிடையே வேறொன்றும் நிகழ்ந்தது. தனித்தனிப் பள்ளிகளிலே பிரிந்திருந்த ஆசிரியர்கள், இரவு எட்டு மணிக்குத் திரையிலே கூடினர். ஒருவர் தயாரித்த விஞ்ஞானப் படத்தை மற்றவர் தம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். ஒருவர் வினாத்தாள் அமைக்க, இன்னொருவர் விடைக் குறிப்பு எழுதினார். பள்ளத்தாக்கின் இருபுறமும் இருந்து ஒருவரது கூரையை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்த நிலை, அந்த அளவில், முடிவுக்கு வந்தது.

2021ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் தேதி, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நாடெங்கும் ஆசிரியர் சங்கங்கள் போராட்டம் தொடங்கின. பள்ளிக் கட்டடங்களோ ஏற்கனவே மூடிக் கிடந்தன. மறியல் செய்ய வாசலில்லை. ஆசிரியர்கள் இணைய வகுப்பிலிருந்து வெளியேறினார்கள். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தொழிற்களத்தை விட்டு இத்தனை பேர் வெளிநடந்தது புதுமை. தம் உழைப்பு இந்த மாய வெளியிலும் உழைப்பே என்பதை அவர்கள் அவ்வாறு நிறுவினர். அலை கிடைக்காத லயங்களிலே அந்த வெளிநடப்பு தெரியவே இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அப்பிள்ளைகளுக்கு வகுப்பு அதற்கு முன்னமே நின்றிருந்தது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீண்ட போராட்டம் அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் 21ஆந் தேதி, இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளைத் திறக்க அரசு முதலில் அனுமதித்தது. தோட்டங்களிலுள்ள சிறிய பள்ளிகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. 25ஆந் தேதி சங்கத்து ஆசிரியர்களும் பணிக்குத் திரும்பினார்கள். மழை பெய்து ஊறிய கதவைத் தள்ளித் திறந்து, மேசையின் பூஞ்சணத்தைத் துடைத்து, இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டார்கள். ஆசிரியர் குழுக்கள் தொலைபேசிகளில் அழியாமல் இருந்தன. மறு ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாட்டினாற் பாடசாலைகள் திரும்பவும் மூடப்பட்டபோது அவற்றுக்கு மீண்டும் வேலை வந்தது.